கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மின்சுற்று

மடிக்கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் துணையாக வரும் மின்னேற்றிகள் சிலவற்றின் அடிப்புறத்தில், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத அளவில், ஒரு மலையின் உருவமும் அதனோடு 2000 மீ என்ற எண்ணும் பொறித்த சிறு முத்திரை ஒன்று உண்டு. சீன தேசத்துப் பாதுகாப்பு விதிகளின்படி இடப்படும் அந்த முத்திரைக்கு, இச்சாதனம் கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட இடங்களிலே மட்டும் பிரயோகிக்கத் தக்கது என்று பொருள். சமவெளியில் வாழ்பவர்களுக்கு அது ஒரு வீண் அலங்காரம். நீலகிரிவாசிக்கோ அது அவன் முகவரியை விசாரிப்பதாகவே தோன்றும். ஏனெனில் குன்னூர் இருப்பது சுமார் 1850 மீட்டரில், உதகமண்டலம் இருப்பதோ 2240 மீட்டரில். குன்னூரில் சட்டப்படி யோக்கியமாயிருந்த ஒரு மின்னேற்றி, மலை ரயிலில் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஏறிக்கொண்டே போகையில், யாரும் கவனியாத ஏதோ ஒரு வளைவில் தன் எல்லையைக் கடந்து அந்நியமாகிவிடுகிறது.

சுற்றுப்படத்துக்கு ஊர் கிடையாது. காகிதத்தில் வரைந்த டயோடும் கெபாசிட்டரும் திருநெல்வேலியிலும் ஒன்றே, தொட்டபெட்டாவிலும் ஒன்றே. அந்தப் படத்தை உலோகமாகவும் பீங்கானாகவும் ஈயப்பற்றாகவும் ஆக்கி மேசைமேல் நிறுத்திய மாத்திரத்தில் அது ஓர் ஊரின் காற்றைச் சுவாசிக்கத் தொடங்கி, அந்த ஊரின் குளிருக்கும் ஈரத்துக்கும் இடிக்கும் உட்பட்டுவிடுகிறது. இதை நான் பொருட்படுத்தத் தொடங்கியது, வேண்டிய மின்னழுத்தத்தைக் குமிழைத் திருகிப் பெற்றுக்கொள்ளக்கூடிய பவர் சப்ளை ஒன்றை, அதிலும் ஸ்விட்ச் மோடு வகையைச் சேர்ந்த ஒன்றை, சொந்தமாகக் கணக்கிட்டுக் கட்டவேண்டும் என்ற ஆசை என்னைப் பற்றிக்கொண்ட பிறகுதான். அத்தகைய பலகை இன்று கடையிலே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதை நான் அறியாதவன் அல்லேன். ஆயினும் மற்றக் கருவிகளையெல்லாம் செய்து பார்க்க உதவும் முதற்கருவியை விலைக்கு வாங்கிவிட்டால், பிறகு எதைச் செய்தும் அரைத் திருப்திதான் கிட்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்தச் சாதனத்தின் பழைய வடிவம் எளியது, விசுவாசமானது, ஆனால் ஊதாரித்தனம் மிக்கது. இரும்புக் கோரில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடுகள், ஒரு பெரிய கெபாசிட்டர், அதன்பின் எல்.எம். 317 என்ற சில்லோ, அல்லது 2என்3055 என்ற, சென்ற தலைமுறை ரேடியோக்காரர்கள் அனைவரும் அறிந்த உருளைத்தொப்பி டிரான்சிஸ்டரோ வழியில் நின்று, வேண்டாத மின்னழுத்தத்தையெல்லாம் தன்மேல் ஏற்றுக்கொள்ளும். உள்ளே 40 வோல்ட் வருகிறது, வெளியே 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், உபயோகத்துக்குப் போவது 15 வாட். அந்த டிரான்சிஸ்டர் உஷ்ணமாக விரயம் செய்வது 105 வாட். மார்கழிப் பனியில் உதகையின் புல்வெளிகள் வெளுத்துக் கிடக்கும் காலையில் அந்த ஹீட் சிங்க்கின்மேல் விரல்களைக் காய்ச்சிக்கொள்வதில் ஒரு சுகம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் குளிர்காய்வதற்கென்று தனியே ஹீட்டர் விற்கிறார்கள்.

ஸ்விட்ச் மோடு என்ற உபாயம் இந்த விரயத்தின் மூலத்தையே தாக்குகிறது. உஷ்ணம் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் பலன். வழியில் நிற்கும் டிரான்சிஸ்டர் முழுவதும் திறந்திருந்தால் அதன் குறுக்கே மின்னழுத்தம் ஏறக்குறைய இல்லை. முழுவதும் மூடியிருந்தால் அதன் வழியே மின்னோட்டம் இல்லை. இரண்டில் எது பூஜ்யமானாலும் பெருக்கற்பலன் பூஜ்யமே. அரைகுறையாகத் தடுத்து நிற்கும் இடைநிலைதான் உஷ்ணத்தின் பிறப்பிடம். ஆகவே டிரான்சிஸ்டரை நொடிக்கு ஐம்பதினாயிரம் தடவை முழுக்கத் திறந்தும் முழுக்க மூடியும் இயக்கி, திறந்திருக்கும் வேளையின் விகிதத்தைக் கூட்டிக் குறைத்து, 40 வோல்ட்டில் பாதிநேரம் திறந்தால் 20 வோல்ட், எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்தால் 5 வோல்ட் என்று பெற்றுக்கொள்ளலாம். ஆனால் வெளியே வருவது சாந்தமான நேர்மின்சாரமாக இராமல் வெட்டு வெட்டாக, 40 வோல்ட்டுக்கும் சூனியத்துக்கும் இடையே துள்ளுவதாக இருக்குமே. அந்தத் துள்ளலைச் சமனப்படுத்துவதற்காகவே நடுவில் ஒரு காயிலை வைக்கிறோம். இந்தக் காயிலின் ஸ்வபாவத்தை விளங்கிக்கொள்வதற்கு நீலகிரியைவிட உகந்த பாடசாலை தென்னாட்டில் இல்லை.

சென்னை அரசின் சட்ட உறுப்பினராக சி. பி. ராமசாமி ஐயர் இருந்த நாளில் ஊக்கமளித்து, 1929-இல் வேலை தொடங்கி, 1932-இல் மின்சாரமாகப் பலித்தது பைகாரா நீர்மின் திட்டம். பீடபூமியின் மேலே ஓடிக்கொண்டிருந்த பைகாரா ஆற்று நீரைக் குழாய்களில் பிடித்து, ஏறத்தாழ மூவாயிரம் அடி கீழே, முதுமலைக் காட்டை ஒட்டிய சிங்காரா மின்நிலையத்தில் இறக்கி, அங்கே பிறந்த மின்சாரத்தை 66,000 வோல்ட்டில் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அந்த நகரின் பஞ்சாலைகள் பெருகியதற்கு அது பெருங்காரணம் என்பதை அவ்வூர்ச் சரித்திரம் எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இங்கே வேண்டியது பஞ்சாலைகள் அல்ல. அந்தக் குழாய்க்குள் ஓடும் தண்ணீர். மலைச்சரிவு முழுவதும் நீண்டு கிடக்கும் ஒரு குழாயில் நிறைந்து விரைந்துகொண்டிருக்கும் நீர்த்தம்பத்துக்குப் பிரம்மாண்டமான எடையும், அந்த எடைக்கேற்ற வேகப்பற்றும் உண்டு. அடியில் நின்றிருந்தாலே அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குத் தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. ஓடும் நீரை அடிவாயில் திடீரென்று மறித்தால், நிற்க மனமில்லாத அந்தப் பிரவாகம் தன் வேகம் முழுவதையும் அழுத்தமாக மாற்றிக் குழாயையே பிளந்துவிடும்.

இதே நியதியைத்தான் காயிலும் அனுசரிக்கிறது. அதில் ஓடும் மின்னோட்டம் உடனே தோன்றாது, உடனே மறையவும் சம்மதியாது. மாற்றம் எவ்வளவு துரிதமாக நிகழ்கிறதோ அவ்வளவுக்கு எதிர்த்து மின்னழுத்தம் கிளம்பும். 200 மைக்ரோஹென்றி உள்ள சிறு காயில், உள்ளங்கையில் அடங்குவது, அதில் 3 ஆம்பியர் ஓடுகிறது. அதை 50 நானோ நொடியில் துண்டித்தால் கணக்குப்படி எழவேண்டிய மின்னழுத்தம் 12,000 வோல்ட். உண்மையில் அந்த எண்ணை எட்டுவதற்கு முன்பே, ஸ்விட்சாக இயங்கும் டிரான்சிஸ்டராகிய மாஸ்ஃபெட் பிராணனை விட்டிருக்கும். சிங்காராவைப் போன்ற உயர்வீழ்ச்சி நிலையங்களில் இந்த ஆபத்துக்குப் பெல்டன் சக்கரத்தைச் சமைத்தவர்கள் கண்ட பரிகாரம் மிகவும் நேர்த்தியானது. மின்சாரத்துக்குத் தேவை சட்டென்று விழுந்துவிட்டால், நீரை நிறுத்தாமல், ஒரு வளைந்த தகடு மட்டும் குறுக்கே வந்து பீறிடும் தாரையைச் சக்கரத்தின் கிண்ணங்களைத் தொடாதபடி ஒருபுறம் திருப்பிவிடும். குழாய்முனையின் ஊசி அதன்பிறகு தன் அவகாசத்தில் நிதானமாக மூடிக்கொள்ளும். நம் சுற்றில் அந்தத் தகட்டின் ஸ்தானத்தில் இருப்பது ஷாட்கி டயோடு. மாஸ்ஃபெட் மூடிய கணத்தில் காயிலின் மின்னோட்டம் போக்கிடமின்றி வெகுளாமல் டயோடு வழியே சுற்றிவந்து, தன் வேகத்தைச் சுமைக்குச் சிறிது சிறிதாக ஒப்படைத்துக்கொண்டே தளர்கிறது. முழுதும் தளர்வதற்குள் மாஸ்ஃபெட் மறுபடி திறக்கிறது. இதை ஓர் உவமை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் ஆளும் சமன்பாடு ஒன்றே, எழுத்துக்கள்தாம் வேறு.

ஒற்றுமை இத்துடன் முடியவில்லை. நீர்ச்சக்கரம் ஒரே வேகத்தில் சுழலவேண்டுமானால், வேகத்தை அளந்து ஊசியை நகர்த்தும் ஒரு நெறியாளன் வேண்டும். அதற்கு அவசரம் அதிகமானால் திருத்தமே பிழையாகி, சக்கரம் மேலும் கீழும் அலைந்துகொண்டே இருக்கும். மாக்ஸ்வெல் என்ற மகாமேதை 1868-இலேயே இத்தகைய நெறியாளர்களின் ஸ்திரத்தன்மையை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். நீர்நிலையங்களில் இன்னொரு விபரீதமும் உண்டு. அதிக சக்தி வேண்டும் என்று வாயைச் சற்று அகலத் திறந்தால், குழாயிலுள்ள நீர் முழுவதும் வேகம் பிடிக்கும்வரை அழுத்தம் தாழ்ந்து, வரும் சக்தி முதலில் குறைந்து அப்புறமே கூடும். கேட்டதற்கு நேர்மாறான விடையை முதலில் தந்துவிட்டுப் பிறகு இணங்குகிற இந்த ஸ்வபாவத்தை அறியாமல் திருத்தப் புகுந்தவன் தவறான திசையிலேயே திருத்திக்கொண்டு போவான். மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் பூஸ்ட் வகைச் சுற்றில் இதே விபரீதம் அச்சு மாறாமல் இருக்கிறது. இறக்கித் தரும் பக் வகையில் அது இல்லை. ஆசைக்காகக் கட்டுகிறவன் முதலில் பக் சுற்றையே நாடவேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் வி. ராமநாராயணன் தம் மாணவர்களுக்கென்று ஸ்விட்ச் மோடு மின்மாற்றம் குறித்து எழுதிய பாடக்குறிப்புகள் இந்தப் பாதையில் தனியே நடப்பவனுக்குக் கிடைத்தற்கரிய துணை. கணிதம் வந்து வழிமறிக்கும் பக்கங்களைத் தாண்டிப் போனாலும் மிச்சமிருப்பதே போதும்.

நெறியாளனாக நான் கொண்டது டி.எல். 494 என்ற பழைய சில்லு. இன்றைக்கு இதைவிடச் சாமர்த்தியமான சில்லுகள் பல இருக்கின்றன. ஆனால் இறந்துபோன பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளின் வயிற்றில் இதையோ இதன் மறுபதிப்பையோ காணலாம் என்பதும், பதினாறு கால்களில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பதை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொண்டுவிடலாம் என்பதும் அதன் விசேஷங்கள். 22 கிலோ ஓம் ரெஸிஸ்டரையும் 1 நானோஃபாரட் கெபாசிட்டரையும் அதற்குரிய கால்களில் இணைத்தால் நொடிக்கு ஐம்பதினாயிரம் துடிப்பு கிடைக்கும். உள்ளே இருக்கும் இரண்டு பிழைப் பெருக்கிகளில் ஒன்றை வோல்டேஜுக்கும் மற்றதைக் கரண்டுக்கும் காவல் வைக்கலாம். அதன் தாங்குசக்தி 40 வோல்ட் அளவே என்பதால், உள்வரும் மின்னழுத்தத்தை நேரே அதற்குக் கொடாமல் 12 வோல்ட்டாகத் தனியே இறக்கித் தருவது விவேகம்.

இனி, இந்தக் கட்டுரையைத் தொடங்கிய முத்திரையின் விஷயத்துக்கு வரவேண்டும். ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை கட்ட இரண்டு வழிகள் உள்ளன. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை நேரடியாகவே நேர்மின்சாரமாக்கி, அதன் உச்சமாகிய 325 வோல்ட்டைத் துண்டாடி, சிறிய ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மரால் இறக்குவது ஒரு வழி. கைபேசி மின்னேற்றி முதல் கம்ப்யூட்டர் வரை இதைத்தான் அனுசரிக்கின்றன, இதனால்தான் அவை இலேசாக இருக்கின்றன. முதலில் பழையபடி ஓர் இரும்பு டிரான்ஸ்ஃபார்மரால் இறக்கித் தனிமைப்படுத்திக்கொண்டு, அபாயமற்ற 40 வோல்ட்டை மட்டும் துண்டாடுவது இரண்டாவது வழி. முதல் வழியின் கவர்ச்சி பெரிது. பழைய கம்ப்யூட்டர் சப்ளையைத் திறந்து நாலைந்து ரெஸிஸ்டர்களை மாற்றி, குமிழ் வைத்த சப்ளையாக மாற்றிவிடலாம் என்று நாடெங்கும் உற்சாகிகள் செய்துகொண்டிருக்கிறார்கள். அதை நான் இகழவில்லை. ஆனால் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் பெரிய கெபாசிட்டர்களில் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் சற்றுநேரம் தங்கியிருக்கும் என்பதைச் சொல்லாமல் அதைச் சிபாரிசு செய்கிறவர்களை நான் நம்புவதில்லை.

முதல் வழியில் எனக்குள்ள தயக்கத்துக்கு மலையில் வேறு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள காற்றும் ஒரு காப்புப் பொருள்தான்; உதகையில் அந்தக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவே. அடர்த்தி குறைந்த காற்றில் தீப்பொறி எளிதில் தாவும். ஆகவே சர்வதேசத் தரவிதிகள் 2000 மீட்டர் வரைக்கும் ஓர் இடைவெளியைச் சொல்லி, அதற்கு மேலே போனால் பெருக்கிக்கொள்ளச் சொல்கின்றன. 3000 மீட்டருக்கு 1.14 மடங்கு. வீட்டில் கட்டுகிறவன் இடைவெளியை அளந்தா வைக்கிறான் என்று கேட்கலாம். அளந்து வைக்காதவன் தாராளமாகவாவது வைக்கவேண்டும். மெலிந்த காற்று உஷ்ணத்தைச் சுமந்து செல்வதிலும் சோம்பல் உடையது. அதன் குளிர்ச்சியைக் கண்டு மயங்கி ஹீட் சிங்க்கைச் சிறிதாக்குவது தகாது. மூடுபனியோ தன் பங்குக்குப் பலகையின்மேல் படிந்து, உலர்ந்த காலத்தில் இல்லாத கசிவுப் பாதைகளை உண்டாக்கும். பற்று வைத்து முடித்துச் சோதித்தபின் பலகை முழுவதற்கும் வார்னிஷ் பூசிவிடுகிற பழக்கம் இங்குள்ள பழைய மெக்கானிக்குகளிடம் உண்டு, அது சமவெளியார் நினைப்பதுபோல அழகுக்காக அன்று.

இன்னும் சூக்ஷ்மமான பகைவன் ஒருவன் வானத்திலிருந்து வருகிறான். 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ரயில் எஞ்சின்களுக்கென்று செய்த உயர்மின்னழுத்த சிலிக்கன் சாதனங்கள், எவ்வித முன்னறிகுறியும் இன்றி, சும்மா மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கும்போதே வெடித்துப் போயின. காரணம் தேடியவர்கள் அவற்றை ஓர் உப்புச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தபோது மரணங்கள் நின்றன. மலையுச்சியில் வைத்தபோது மிகுந்தன. அண்டவெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றணுக்களில் மோதிப் பிறப்பிக்கும் நியூட்ரான்களில் ஒன்று, சிலிக்கன் அணுக்கருவைத் தாக்கினால், உச்ச மின்னழுத்தத்தில் விறைத்து நிற்கும் அந்தச் சாதனத்துக்குள் ஒரு மின்வெள்ளம் உடைத்துக்கொண்டு கிளம்பிவிடும் என்று அதிலிருந்து தெளிவாயிற்று. அறுநூறு வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட்டை 325 வோல்ட்டில் நடத்தினால் இந்த அபாயம் மிக அற்பம் என்பதையும், பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் புவியின் காந்தம் நம்மேல் வந்து விழவேண்டிய கதிர்களில் பலவீனமானவற்றைத் தடுத்து விடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயமுறுத்துவது என் நோக்கமன்று. ஆயினும் அதே காஸ்மிக் கதிர்களைப் பிடிப்பதற்கென்றே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம் உதகையில் அமைந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது, ஊரின் உயரம் சிலருக்குப் பாக்கியமாகவும் சிலருக்கு எச்சரிக்கையாகவும் இருப்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஆறு மீட்டர் நீளமுள்ள 3712 எஃகுக் குழாய்கள், இரவும் பகலும் மியுவான் என்ற துகள்களை எண்ணிக்கொண்டிருக்கின்றன. 2014 டிசம்பர் 1-ஆம் நாள் தலைக்கு மேலே கடந்துபோன ஓர் இடிமேகத்தின்போது அந்த எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. அக்குறைவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டவர்கள், அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் நிலவியிருக்கவேண்டும் என்று 2019-இல் அறிவித்தார்கள். இடிமேகத்துக்குள் நூறு கோடி வோல்ட் அளவு இருக்கக்கூடும் என்று இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன் 1920-களிலேயே ஊகித்திருந்தார். அந்த ஊகத்துக்குச் சாட்சி கிடைப்பதற்குச் சுமார் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன, சாட்சி சொன்ன இடம் உதகை. முப்பது வோல்ட்டுக்குள் அடங்கும் குமிழொன்றைத் திருகிக்கொண்டிருக்கும் எனக்கு இந்தச் செய்தியைப் படித்தபோது ஏற்பட்ட உடனடி விளைவு, உள்வாயிலில், மிகை மின்னழுத்தத்தை விழுங்கும் ஒரு வேரிஸ்டரைச் சேர்த்ததுதான்.

தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளில் மின்சாரத்துக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. நீண்ட கம்பியின் கடைக்கோடியில் இருப்பதால், எல்லா வீட்டிலும் விளக்கெரியும் மாலையில் அது 230 என்ற தன் கௌரவத்தைக் கைவிட்டு 170, 180 என்று இறங்கும். ஸ்டெபிலைசர்கள் வீட்டுக்கு வீடு சொடுக்கிக்கொண்டிருக்கும். பழைய வகைச் சப்ளையில் இது முணுமுணுப்பாக வெளியே கேட்கும். ஸ்விட்ச் மோடு இதைப் பொருட்படுத்தாது. 40 வோல்ட் 30-ஆகத் தாழ்ந்தால், திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டு 20 வோல்ட்டை அப்படியே கொடுக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: மின்னழுத்தம் தாழத் தாழ அது அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. தளர்ந்திருப்பவனிடம் மேலும் கேட்கிற இந்தச் சுபாவம் ஒரு வீட்டில் இருந்தால் பாதகமில்லை. ஊர் முழுவதும் இருந்தால், கம்பியின் தளர்ச்சி அதனாலேயே அதிகமாகும்.

காயில் சுற்றுவது இந்த வேலையிலே மிக இன்பமான பகுதி. பழைய கம்ப்யூட்டர் சப்ளையிலிருந்து எடுத்த மஞ்சளும் வெள்ளையுமான வளையம், 27 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரும்புத்தூள் கோர், ஐம்பது கிலோஹெர்ட்ஸ் வேலைக்கு ஒத்துவரும். மிக உயர்ந்த துடிப்பில் அதுவே சூடேறிவிடும். 40 வோல்ட்டிலிருந்து 20 வோல்ட், ஏற்ற இறக்கம் 1 ஆம்பியர் என்று வைத்துக் கணக்கிட்டால் 200 மைக்ரோஹென்றி வேண்டும். அந்தக் கோரில் அதற்கு ஏறத்தாழ 46 சுற்று. ஆனால் நேர்மின்சாரம் 3 ஆம்பியர் ஓடும்போது கோரின் காந்த உட்புகுதிறன் தளர்வதால் சுற்று ஐம்பதைத் தாண்டுவதே நல்லது. மோட்டார் ரீவைண்டிங் கடையில் எனாமல் கம்பியை எடைக்கு நிறுத்துத் தருவார்கள். தடித்த ஒற்றைக் கம்பியை விட மெல்லிய இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிச் சுற்றுவது கைக்கும் எளிது, வேக மின்சாரத்துக்கும் இதம். வளையத்தின் துளை வழியே கம்பியை நுழைத்து இழுத்து நுழைத்து இழுத்து, சுற்றுக்கு அருகே சுற்றைப் படுக்கவைக்கும் அந்த ஏகாக்கிரதையில் எண்ணிக்கை தவறினாலும் பெரிய நஷ்டமில்லை. வெளிவாயில் கெபாசிட்டரில் இந்தச் சலுகை கிடையாது. அதன் உள்தடை 0.05 ஓம் என்றால் 1 ஆம்பியர் ஏற்ற இறக்கம் 50 மில்லிவோல்ட் சலனமாக வெளியே தெரியும்; உறைபனிக் காலையில் அந்தத் தடை இன்னும் மிகும்.

முதன்முதல் மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் இணைத்துக்கொள்வது நம் நாட்டு ரேடியோ மெக்கானிக்குகளின் பரம்பரைச் சம்பிரதாயம். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து எல்லா உஷ்ணத்தையும் தானே ஏற்றுக்கொள்ளும். நலமாக இருந்தால் ஒருமுறை மின்னி மங்கிவிடும். விலையுயர்ந்த ஆய்வுக்கருவிகள் இல்லாத தேசம் கண்டுபிடித்த இந்தச் சிக்கனமான தீர்ப்பாளன், எல்.இ.டி. விளக்குகளின் வருகையால் கடைகளில் அருகிவருவது கவலைக்குரியது.

இவ்வளவும் சரியாக அமைந்தபின் எழும் கேள்விதான் கடினமானது: அமைதி. நொடிக்கு ஐம்பதினாயிரம் தடவை 40 வோல்ட்டை நானோ நொடிகளில் வெட்டும் ஒரு சாதனம், அந்த ஐம்பது கிலோஹெர்ட்ஸோடு அதன் பெருக்கங்கள் எல்லாவற்றையும் உடன் பிறப்பித்து, கம்பிகள் வழியாகவும் ஆகாசத்தின் வழியாகவும் வெளியே சிந்துகிறது. உதகையிலிருந்து சிறிது தொலைவில் முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய இளம் சகாக்களும் நம் நாட்டுத் திறமையைக் கொண்டே கட்டி 1970-இல் இயக்கிய ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்களின்மேல் நீட்டிக் கட்டிய 1100 மெல்லிய எஃகுக் கம்பிகளே அதன் கண்ணாடி. பூமியின் அச்சுக்கு இணையாக அதன் அச்சு அமைவதற்காக, இவ்விடத்தின் அட்சரேகையாகிய பதினோரு டிகிரிக்கு இசைந்த சரிவுள்ள ஒரு மலைப்பக்கத்தைத் தேடிப்பிடித்து அதன்மேல் கிடத்தினார்கள். மலையின் சரிவையே கருவியின் உறுப்பாக ஆக்கிக்கொண்ட அந்த யுக்தியை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு குறைவதில்லை. அது கேட்கும் அலை 326.5 மெகாஹெர்ட்ஸ், என் எளிய சுற்றின் 6530-ஆவது பெருக்கம் துல்லியமாக அதன்மேல் விழுகிறது. அவ்வளவு மேலே போகையில் அதன் பலம் மிக மிக மெலிந்துவிடும், இடையே மலைகளும் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தொலைநோக்கி கேட்கக் காத்திருப்பதும் மிக மிக மெலிந்தவையே.

ரேடியோ கேட்கிற பழக்கம் உள்ள எவனுக்கும் இந்தக் கேள்வி தன் மேசையின்மேலேயே எழும். மலிவான மின்னேற்றி ஒன்றை ரேடியோவின் அருகில் வைத்தால் மீடியம் வேவ் முழுவதும் இரையும். ஆகவே மாஸ்ஃபெட்டின் கேட்டில் சில ஓம்களைச் சேர்த்து அதன் துடிப்பின் விளிம்பை வேண்டுமென்றே மழுக்குகிறோம். டயோடின் குறுக்கே ஒரு ரெஸிஸ்டரையும் கெபாசிட்டரையும் வைத்து அதன் நடுக்கத்தை அடக்குகிறோம். உள்ளேயும் வெளியேயும் சோக்குகளை வைக்கிறோம். விளிம்பு மழுங்க மழுங்க, மாஸ்ஃபெட் அந்த இடைநிலையில் தங்கும் நேரம் கூடி, எதற்கு அஞ்சி இத்தனை தூரம் வந்தோமோ அந்த உஷ்ணம் கொஞ்சம் திரும்பி வருகிறது. திறமையும் அமைதியும் ஒன்றுக்கொன்று கடன்பட்டவை என்று தெரியும்போது, நான் இகழ்ந்து ஒதுக்கிய பழைய 2என்3055 மறுபடி நினைவுக்கு வருகிறது. என் சுற்றின் கடைசியில் அதை வைத்திருக்கிறேன். வெளியே வேண்டிய அளவைவிட எப்போதும் 3 வோல்ட் மட்டும் அதிகமாகத் தரும்படி ஸ்விட்சைப் பணித்துவிட்டு, அந்த 3 வோல்ட்டுக்குள் மிச்சச் சலனத்தை எல்லாம் பழைய டிரான்சிஸ்டர் விழுங்கிக்கொள்கிறது; 3 ஆம்பியரில் அதற்கு 9 வாட் உஷ்ணம், 105 வாட்டுடன் ஒப்பிட்டால் அதைச் செலவென்றே சொல்லக்கூடாது.

பெட்டி உலோகப் பெட்டியாக இருக்கவேண்டும், அது எர்த்தோடு இணைந்திருக்கவேண்டும். பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம். காற்றுத் துளைகள் மேலும் கீழும். இன்னொரு காரியமும் பாக்கி இருக்கிறது. உதகையின் பதினைந்து டிகிரியில் தேறிய சாதனம் தேறியதாக ஆகாது. அதை மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்துக்கு, சித்திரை மாதத்தில், மின்விசிறி இல்லாத ஓர் அறைக்குக் கொண்டுபோய், ஸ்கூட்டரின் 35 வாட் முன்விளக்குப் பல்பைச் சுமையாகக் கொடுத்து, 12 வோல்ட்டில் மதியம் முழுவதும் எரியவிட வேண்டும். மாஸ்ஃபெட்டின் முதுகு 80 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் மூடியைத் திருகிவிடலாம். தாண்டினால் ஹீட் சிங்க்கை மாற்றிவிட்டு அடுத்த நாள் மறுபடி.